சாப்பாட்டு அறையில் சண்டையிடும் மயில்கள்

சாப்பாட்டு அறைக்கு வர்ணம் தீட்டிய கூலித் தகராறில் உலகப் புகழ் பெற்ற ஓவியம் ஒன்று பிறந்தது. கூலி கேட்டவர் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர். கேட்டதைக் கொடுக்க மறுத்தவர் லண்டனில் மாளிகை வாங்கிக் குடியேறிய ஒரு கப்பல் முதலாளி. ஆண்டு 1876. இருவரும் மறைந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. அந்த அறை மட்டும் அழியாமல் இருக்கிறது. லண்டனில் அல்ல, கடல் கடந்து, அமெரிக்காவின் தலைநகரில்.

விஸ்லர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, கறுப்பு உடையில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அவருடைய தாயாரின் படம். 1934-ல் அன்னையர் தினத்துக்காக அமெரிக்க அரசு வெளியிட்ட தபால் தலையிலும் அந்தப் படம் இடம் பெற்றது. ஆனால் விஸ்லர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய வேண்டுமானால், தாயாரின் படத்தைவிட இந்தச் சாப்பாட்டு அறைதான் சரியான சாட்சி.

என்ஜினீயர் மகன்

அமெரிக்காவில் பருத்தி ஆலைகள் நிறைந்த லோவெல் என்ற ஊரில் 1834 ஜூலை மாதம் விஸ்லர் பிறந்தார். தகப்பனார் ரெயில் பாதை போடுவதில் பெயர் எடுத்த என்ஜினீயர். ரஷியச் சக்கரவர்த்தி முதலாம் நிக்கோலஸ், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்கும் மாஸ்கோவுக்கும் இடையே ரெயில் பாதை அமைக்க அவரை வரவழைத்தார். குடும்பமும் பின்னால் போயிற்று. மொழி தெரியாத ஊரில், பனி கொட்டும் குளிரில், சிறுவன் ஜேம்ஸ் அங்குள்ள அரசாங்கக் கலைக் கழகத்தில் படம் வரையக் கற்றான். காலரா கண்டு உடல் நலிந்த தகப்பனார் 1849-ல் இறந்து போனார். தாயார் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அமெரிக்கா திரும்பினார்.

பையன் 1851-ல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் சேர்ந்தான். படம் வரைவதில் முதல் இடம். ஒழுங்கு முறையில் கடைசி இடம். ரசாயனப் பரீட்சையில் சிலிக்கன் என்பது ஒரு வாயு என்று பதில் சொன்னதாகக் கதை உண்டு. 1854-ல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார்.

அடுத்து வாஷிங்டனில் கடற்கரை சர்வே இலாகாவில் வேலை. கடற்கரைப் படங்களைச் செம்புத் தகட்டில் செதுக்க வேண்டும். அந்த வேலை அவருக்கு நன்றாக வந்தது. நேரத்துக்கு ஆபீசுக்குப் போவதுதான் வரவில்லை. மாதத்தில் வேலைக்குப் போன நாட்களைவிட போகாத நாட்களே அதிகம். போன நாட்களிலும் சும்மா இருக்கவில்லை. அனகாபா என்ற தீவின் கரையைச் செதுக்கும்போது, யாரும் கேட்காமலேயே, மேலே கடற்பறவைக் கூட்டம் ஒன்றைப் பறக்க விட்டார். சர்வே படத்துக்குப் பறவை எதற்கு? ஆனால் பிறர் ஒப்படைத்த வேலையில் தன் இஷ்டப்படி கை வைக்கும் குணம் அன்றே தெரிந்து விட்டது. சில மாதங்களில் அந்த உத்தியோகமும் முடிந்தது. செம்புத் தகட்டில் கற்ற கைத்திறன் மட்டும் கடைசி வரை சோறு போட்டது.

1855-ல் பாரிசுக்குப் போனார். பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1859-ல் லண்டனில் குடியேறினார். அவர் வரைந்த வெள்ளை உடைப் பெண்ணின் படத்தை லண்டன் ராயல் அகாடமி ஏற்க மறுத்தது. பாரிஸ் கண்காட்சியும் மறுத்தது. 1863-ல் தள்ளுபடியான படங்களுக்கென்று பாரிசில் தனிக் கண்காட்சி வைத்தபோது அதைப் பார்க்கக் கூட்டம் கூடியது. சிரித்தவர்கள் பலர், வியந்தவர்கள் சிலர். எப்படியோ விஸ்லர் பெயர் பரவிற்று.

கப்பல் முதலாளி

பிரெடரிக் லேலண்ட் லிவர்பூல் நகரத்துக்காரர். சிறு வயதிலேயே ஒரு கப்பல் கம்பெனியில் பயிற்சிக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். கணக்குப் புத்தகத்திலிருந்து கிளம்பி, படிப்படியாகப் பங்குதாரராகி, 1870-களில் அதே கம்பெனியைத் தன் பெயருக்கே மாற்றிக் கொண்டார். பேச்சுக் குறைவு. காசு விஷயத்தில் கறார். மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்த சட்டை போடுவார். ஓய்வு நேரத்தில் பியானோ வாசிப்பார். விஸ்லரின் இரவுக் காட்சிப் படங்களுக்கு இசையிலிருந்து எடுத்து 'நாக்டர்ன்' என்ற பெயரைச் சொன்னவரே இந்த லேலண்ட்தான்.

விஸ்லருக்கு அவர் முதலாளி மட்டுமல்ல, நண்பரும்கூட. லிவர்பூல் அருகே லேலண்ட் இருந்த பழைய மாளிகையில் விஸ்லர் வாரக் கணக்கில் தங்குவார். லேலண்டையும் அவர் மனைவியையும் முழு உருவப் படங்களாக வரைந்தார். விஸ்லருக்குப் பணம் வந்த முக்கியமான வழிகளில் இந்த வீடும் ஒன்று.

லண்டனில் பிரின்சஸ் கேட் என்ற இடத்தில் 49-ம் எண் வீட்டை வாங்கிய லேலண்ட், அதை உள்ளுக்குள் அரண்மனையாக்க நினைத்தார். சாப்பாட்டு அறையை அமைக்கும் பொறுப்பு தாமஸ் ஜெக்கில் என்ற கட்டிடக் கலைஞருக்குப் போயிற்று. நார்விச் பகுதியைச் சேர்ந்தவர். இரும்பு, பித்தளை வேலையில் கெட்டிக்காரர்.

அறை சுமார் 33 அடி நீளம், 20 அடி அகலம், 14 அடி உயரம். லேலண்ட் சேர்த்து வைத்திருந்த நீலமும் வெள்ளையுமான சீனப் பீங்கான் ஜாடிகளை வைக்க, சுவர் முழுக்க வாதுமை மரத்தில் மெல்லிய சட்டங்களாக அலமாரி எழுப்பினார் ஜெக்கில். சட்டங்களுக்குப் பின்னால் சுவரில் சித்திர வேலை செய்த பழைய தோல் ஒட்டப்பட்டது. ஸ்பெயின் நாட்டுத் தோல் என்று அன்று பெருமையாகச் சொல்லப்பட்டது. பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் அது டச்சுக்காரர்கள் செய்தது என்றார்கள். விலை உயர்ந்த சரக்கு என்பதில் சந்தேகம் இல்லை.

கூரையில்தான் ஜெக்கிலின் கைவண்ணம். விட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக் கொள்ளும் இடங்களிலிருந்து எட்டுக் கொம்புகள் கீழே தொங்கும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு வாயு விளக்கு. மின்சார விளக்கு வீடுகளுக்கு வராத காலம் அது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முகம் தெரியாமல் விருந்து சாப்பிட்ட தலைமுறைக்கு, மேலிருந்து ஒரே சமயம் எட்டு விளக்குகள் எரிவது பெரிய காட்சி. கணப்பு அடுப்புக்கு மேலே விஸ்லரின் பழைய படம் ஒன்று மாட்டப்பட்டது. ஜப்பானிய உடை போர்த்திய பெண் ஒருத்தி நிற்கும் படம். 'பீங்கான் நாட்டு இளவரசி' என்று பெயர்.

தொட்டது துலங்கிய கதை

வேலை முடியும் நேரத்தில் ஜெக்கில் நோயில் விழுந்தார். விஸ்லர் அப்போது அதே வீட்டின் மாடிப்படிச் சுவருக்கு வர்ணம் தீட்டிக் கொண்டிருந்தார். சாப்பாட்டு அறையின் தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் தன் இளவரசி படத்தின் நிறங்களைக் கெடுக்கின்றன என்பது அவர் எண்ணம். அந்தப் பூக்களில் கொஞ்சம் மஞ்சள் தொட்டுக் கொள்கிறேன் என்று அனுமதி கேட்டார். லேலண்ட் சரி என்றார். ஓர விளிம்புகளிலும் சிறு மாற்றங்களுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு லிவர்பூல் போய்விட்டார். வேலை ஏறக்குறைய முடிந்தது என்பது அவர் நினைப்பு.

விஸ்லருக்கு அப்போதுதான் ஆரம்பம். மஞ்சள் தொட்டதும் சுவர் சரியாக இல்லை. கூரைக்குக் காகிதம் போல மெல்லிய பித்தளைத் தகடு ஒட்டி, அதன் மேல் மயில் தோகைக் கண்களை வரிசை வரிசையாக வரைந்தார். வாதுமைச் சட்டங்களுக்குத் தங்க முலாம். பிறகு துணிந்து, விலை உயர்ந்த அந்தத் தோல் முழுவதையும் கருநீலத்தால் மூடினார். ஜன்னல்களின் உட்புற மரக் கதவுகளில் தோகை விரித்த தங்க மயில்களை எழுதினார்.

அந்த நிறத் தேர்வில் ஒரு கணக்கு இருந்தது. கருநீலம் வெளிச்சத்தை விழுங்கும் நிறம். தங்கம் விழுங்கியதைத் திருப்பிக் கொடுக்கும். பகலில் ஜன்னல் திறந்திருக்கும்போது மயில்கள் கண்ணில் படாது. இரவு விருந்து நேரத்தில் கதவுகளைச் சாத்தி, எட்டு விளக்குகளையும் ஏற்றினால், சுவர் இருட்டாகப் பின்வாங்கி, தங்க மயில்கள் முன்னால் வரும். அலமாரிச் சட்டங்கள் மின்னும். இரவுக்கென்றே செய்த அறை அது. ஜெக்கிலின் விளக்கும் அலமாரியும் இல்லாமல் விஸ்லரின் வர்ணம் நின்றிருக்காது. பாராட்டு வந்தபோது விஸ்லர் பெயர்தான் நின்றது.

இந்த வேலையை அவர் தனியாகச் செய்யவில்லை. தேம்ஸ் நதியில் படகு கட்டும் ஒருவரின் பிள்ளைகள் வால்டர் கிரீவ்ஸ், ஹென்றி கிரீவ்ஸ் என்ற சகோதரர்கள். விஸ்லரைப் படகில் வைத்து நதியில் கொண்டு போவது, சாயம் வாங்கி வருவது, துணி இழுத்துக் கட்டுவது எல்லாம் இவர்கள். மாணவர்கள் என்று பெயர். செய்தது எடுபிடி வேலை. சாப்பாட்டு அறையில் விஸ்லருக்குக் கை கொடுத்துத் தகடு ஒட்டியவர்களும் இவர்களே. தலைமுடியிலும் முகத்திலும் தங்கத் தூள் படிய மூவரும் மாதக் கணக்கில் வேலை செய்தார்கள்.

வேலை நடக்கும்போதே விஸ்லர் ஊரைக் கூட்டினார். நண்பர்கள், பிரபுக்கள், பத்திரிகைக்காரர்கள் என்று ஆட்கள் வந்து போனார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் லிவர்பூலில். வீட்டைத் திறந்து காட்டி உபசரித்தவர் வர்ணம் அடிக்க வந்தவர்!

ஒரு ஷில்லிங்

1876 அக்டோபரில் கணக்கு வந்தது. விஸ்லர் கேட்டது 2,000 கினி. லேலண்ட் திடுக்கிட்டார். இத்தனை பெரிய வேலையை நான் சொல்லவே இல்லை, என் வீட்டைக் கண்காட்சி ஆக்கியதும் சரியல்ல என்பது அவருடைய வாதம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. விலை பேசாமல், சொல்லாத வேலையைச் செய்துவிட்டுப் பிறகு பெரிய தொகை கேட்டால் எந்த முதலாளியும் முகம் சுளிப்பார். விஸ்லர் பக்கம் இருந்த நியாயம் வேறு. அரை வருஷ உழைப்பு அந்தச் சுவர்களில் இருந்தது. முதலாளி அந்த அறையை வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

முடிவில் லேலண்ட் பாதித் தொகைக்கு இறங்கினார். இங்கேதான் நண்பர்கள் பகைவர்கள் ஆனார்கள். ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங். ஒரு கினிக்கு 21 ஷில்லிங். கினி நாணயம் அச்சடிப்பது 1814-லேயே நின்று போயிருந்தாலும், கணக்கில் அது உயிரோடு இருந்தது. டாக்டர், வக்கீல், ஓவியர் ஆகியோருக்குக் கினியில் கொடுப்பார்கள். தச்சனுக்கும் தையற்காரனுக்கும் பவுண்டில் கொடுப்பார்கள். அது எழுதாத சட்டம். லேலண்ட் கொடுத்தது 1,000 கினி அல்ல, 1,000 பவுண்டு. கினிக்கு ஒரு ஷில்லிங் குறைந்தது. மொத்தத்தில் 50 பவுண்டு வித்தியாசம்தான். ஆனால் நீ கலைஞன் அல்ல, கூலிக்காரன் என்று கணக்கிலேயே எழுதிக் காட்டியது போல ஆயிற்று.

போன 1,000 கினியைவிட இந்த ஒரு ஷில்லிங்தான் விஸ்லரைச் சுட்டது. அதே கோபத்தில், படகுக்காரர் பிள்ளைகளின் கூலி என்ன என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

சுவரில் எழுதிய பதில்

அறையின் தெற்குச் சுவர் காலியாக இருந்தது. விஸ்லர் அங்கே போய் இரண்டு தங்க மயில்களை எழுதினார். மயிலை முருகனின் வாகனமாகவே பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த மயில்கள் வேறு ஜாதி. ஒன்று தோகை சிலிர்த்து, கழுத்தைத் தூக்கிக் கொண்டு சண்டைக்கு நிற்கிறது. அதன் மார்பில் நாணயங்கள். காலடியில் வெள்ளிச் சில்லறை சிதறிக் கிடக்கிறது. அது கொடுக்காமல் விட்ட ஷில்லிங். கழுத்து இறகுகள் லேலண்டின் சுருக்கச் சட்டை போலவே இருக்கின்றன. எதிரே நிற்கும் மயில் கோபத்தோடு ஒதுங்குகிறது. அதன் தலையில் ஒரே ஒரு வெள்ளி இறகு. விஸ்லரின் கறுத்த முடியில் நெற்றிக்கு மேல் ஒரு கற்றை மட்டும் வெள்ளையாக இருக்கும்; லண்டனில் அதை அறியாதவர் இல்லை. ஓவியத்துக்கு அவர் வைத்த பெயர் 'கலையும் பணமும்'.

1877 பிப்ரவரியில் அச்சடித்த துண்டுப் பிரசுரத்துடன் பத்திரிகைக்காரர்களுக்கு அறையைக் காட்டினார். மார்ச்சில் வேலை முடித்து வெளியேறினார். பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஜூலையில், தன் மனைவியுடன் விஸ்லரை மீண்டும் கண்டால் ஊரறியச் சாட்டையால் அடிப்பதாக லேலண்ட் கடிதமே எழுதிவிட்டார்.

ஆச்சரியம் இதற்கு மேல்தான். லேலண்ட் நினைத்திருந்தால் ஒரே நாளில் அந்த மயில்களின் மேல் வெள்ளையடித்திருக்கலாம். செய்யவில்லை. தன்னைக் கேலி செய்யும் சுவரைப் பார்த்தபடி, அதே விளக்குகளின் கீழ், சாகும் வரை சுமார் 15 ஆண்டுகள் விருந்து சாப்பிட்டார். வேலையின் தரம் தெரிந்த மனிதர் என்பதாலா, பெருமை பிடித்த மனிதர் என்பதாலா? இரண்டும் இருக்கலாம்.

ஜெக்கில் கதை சோகமானது. அறைக்கு நேர்ந்ததைப் பார்த்து அவருக்குப் புத்தி பேதலித்தது என்று பின்னாளில் கட்டிவிட்டார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. நோய் அதற்கு முன்பே தொடங்கி விட்டது. 1881-ல் நார்விச்சில் மனநோய் விடுதியில் இறந்தார்.

கால் பென்னி வெற்றி

அதே 1877-ல் இன்னொரு கூலி வழக்கு. இரவு வானத்தில் வாணவேடிக்கை சிதறுவதை விஸ்லர் வரைந்து 200 கினி விலை போட்டிருந்தார். பெரிய கலை விமரிசகரான ஜான் ரஸ்கின், இந்தப் படத்துக்கு இத்தனை விலையா என்று எழுத்தில் அவமதித்தார். விஸ்லர் மான நஷ்ட வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா இவ்வளவு தொகை என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். ஆயுள் முழுவதும் சேர்த்த அறிவுக்கு அந்த விலை என்று விஸ்லர் விளக்கினார். ஜூரிகள் அவர் பக்கமே தீர்ப்புச் சொன்னார்கள். கொடுக்கச் சொன்ன நஷ்ட ஈடு ஒரு பார்திங், அதாவது கால் பென்னி! வழக்குச் செலவையும் அவரவரே ஏற்க வேண்டியதாயிற்று.

1879 மே மாதம் விஸ்லர் திவாலானார். கடன்காரர் வரிசையில் லேலண்டும் இருந்தார். ஆசையாகக் கட்டிய வீடு கையை விட்டுப் போயிற்று. போகும்போதும் சும்மா போகவில்லை. லேலண்டை மயிலும் மனிதனும் கலந்த உருவமாக்கி, பறிபோன வீட்டின் மேலேயே உட்கார்ந்து பியானோ வாசிக்கும்படி ஒரு படம் எழுதி, கடன்காரர்கள் கண்ணில் படும்படி விட்டுச் சென்றார்.

பிறகு வெனிஸ் நகரம். ஒரு லண்டன் கம்பெனி 12 செம்புத் தகட்டுப் படங்கள் செய்து வர அனுப்பியது. அவர் ஓராண்டுக்கு மேல் தங்கி, சுமார் 50 தகடுகளுடன் 1880-ல் திரும்பினார். சொன்னதைவிட அதிகம் செய்யும் பழக்கம் போகவில்லை. இந்த முறை அது அவரைக் காப்பாற்றியது. 1891-ல் பிரெஞ்சு அரசு தாயார் படத்தை விலைக்கு வாங்கியதும் அவர் பெயர் உச்சிக்குப் போயிற்று. 1903 ஜூலை 17-ல் லண்டனில் காலமானார்.

அமெரிக்கா போன அறை

லேலண்ட் 1892 ஜனவரியில் லண்டன் சுரங்க ரெயிலில் போகும்போது மாரடைப்பால் இறந்தார். பீங்கான்களும் படங்களும் ஏலத்தில் போயின. வீடு கை மாறியது. 1904-ல் அறையை அப்படியே கழற்றி விற்றார்கள். வாங்கியவர் டெட்ராய்ட் நகர ரெயில் பெட்டி முதலாளி சார்லஸ் பிரியர். சிறு வயதில் பள்ளியை விட்டுச் சிமெண்டு ஆலையில் கூலி வேலை பார்த்தவர் அவர். இளவரசி படத்தை அதற்கு முந்தைய ஆண்டே வாங்கியிருந்தார். அறையைக் கப்பலில் ஏற்றிக் கொண்டு போய்த் தன் வீட்டோடு சேர்த்து நிறுத்தினார். 1919-ல் அவர் இறந்த பிறகு, அவர் பெயரில் வாஷிங்டனில் 1923-ல் திறந்த கலைக்கூடத்துக்கு அறை வந்து சேர்ந்தது. இளவரசி ஒரு சுவரில், எதிர்ச் சுவரில் சண்டை மயில்கள்.

தங்கத் தகடு ஒட்டிய வால்டர் கிரீவ்சுக்கு 1911-ல் ஒரு நல்ல காலம் எட்டிப் பார்த்தது. அவர் தாமாக வரைந்த படங்கள் லண்டனில் காட்சிக்கு வந்து பத்திரிகைகள் புகழ்ந்தன. அவற்றில் விஸ்லரின் கை இருக்கிறது என்று விஸ்லரின் நண்பர் ஒருவர் கிளப்பிய புகாரில் அந்தப் புகழும் மங்கிற்று. லண்டன் சார்ட்டர்ஹவுஸ் என்ற, வறிய முதியவர்களுக்கான தர்ம விடுதியில் 1930-ல் அவர் இறந்தார்.